கார் நிறுத்த எத்தனை இடம்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு சண்டை. கண்டிப் பக்கம் மாடிவீடு விற்கும் விளம்பரத்தைச் சித்தப்பா மகன் போட்டு, "அண்ணே, நம்ம பிலிமத்தலாவையும் இனி டொரொண்டோதான்" என்றான். "கட்டுங்க கட்டுங்க, கொஞ்சநஞ்சம் இருக்கிற காத்தும் போகட்டும்" என்று அத்தை எழுதினார். டொரொண்டோவில் அடுக்குமாடியில் குடியிருப்பவன் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது.

மாடிகளை நான் எண்ணவில்லை. 'வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம்' என்ற வரியில்தான் எனக்கு எரிச்சல் மூண்டது.

இங்கே என் மாடியில் கார் இல்லாத வீடுகள் பல. லிஃப்டில் இறங்கினால் கடை, கடைக்கு எதிரே பஸ், பஸ் போய் நிற்பது சப்வே வாசலில். ஒருமுறை காசு கட்டினால் இரண்டு மணிநேரம் எதிலும் ஏறி இறங்கலாம். நள்ளிரவு தாண்டியும் பஸ் ஓடுகிறது. பனி கொட்டும்போதும், கொஞ்சம் பிந்தினாலும், வந்துவிடுகிறது. இந்தப் பஸ் புராணத்தை நான் தொடங்கினால் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனாலும் சொல்கிறேன்: ஆயிரம் பேர் ஒரே இடத்தில் வாழ்ந்தால்தான் அவர்கள் வாசலுக்குப் பத்து நிமிடத்துக்கொரு பஸ் விட முடியும். உயரக் கட்டடம் காற்றுக்குச் செய்யும் பெரிய உபகாரம் அதுதான்.

இந்த ஊரும் சுத்தம் கிடையாது. கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கோபுரங்களில் குளிர்காலச் சூடு கசிகிறது. நகரத்தின் கரியமிலவாயுவில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் சூடாக்க எரிக்கும் காஸால். கோடைப் புகைமூட்டம் குறைந்த பெருமையில் பெரும்பங்கு, ஒன்டாரியோ 2014இல் நிலக்கரி மின்நிலையங்களை மூடி முடித்ததற்குச் சேரும். நம்மவர்களோ மாடியை விட்டு எப்போது தனிவீட்டுக்குப் போவோம், வாசலில் இரண்டு கார் நிறுத்துவோம் என்று காத்திருக்கிறார்கள்.

டொரொண்டோ ஏரிக்கரைச் சமவெளி. புகையைக் காற்று அள்ளிப் போகும். கண்டியோ மலைகளுக்கு நடுவில் கிடக்கும் கிண்ணம். இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கித் தேங்க, மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடி போட்டுவிடும். விடிந்ததும் பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் கக்குவது அந்த மூடிக்குக் கீழேதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலெப்பெரும இதைப் பல ஆண்டுகளாக ஆய்ந்து எழுதியவர். ஒடுங்கிய வீதியின் இரு பக்கமும் கட்டடம் எழுந்தால் புகை இன்னும் அடியிலேயே சுற்றும். அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாடி வேண்டாம் என்றால் வேறென்ன? பலாவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் அடுக்கடுக்காக வளரும் நம் கண்டி வீட்டுத்தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி வீடு கட்டுகிறோம். கனடாவில் எந்தப் பூங்காவைக் காட்டினாலும் எனக்கு அந்தத் தோட்டத்துக்கு ஈடாகாது. பத்துப் பேர்ச் காணிக்கொரு வீடு, வீட்டுக்கொரு கார் என்று கடுகண்ணாவையிலிருந்து பேராதனை வரை பரவினால், தோட்டமும் போகும், கொழும்பு–கண்டி வீதியும் அடைக்கும்.

கோப்பி மூட்டை இறக்க 1867இல் வெள்ளைக்காரன் கண்டிக்குப் போட்ட ரயில்பாதை பிலிமத்தலாவை வழியாகவே போகிறது. ஸ்டேஷனும் இருக்கிறது. மாடி எழுவதானால் அதன் பக்கத்தில் எழட்டும். நகர மையத்தில், தலதா மாளிகையின் நிழலில் வேண்டாம். காலையும் மாலையும் அடிக்கடி ரயில் விடாமல் அனுமதியும் கொடுக்கக் கூடாது.

இந்த வீடுகளை வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்குகிறவர்களில் நாமும் உண்டு. விற்க வருபவரிடம் எத்தனை கார் நிறுத்தலாம் என்று விசாரிக்காதீர்கள். ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேர நடை என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் முற்பணம் கட்டாதீர்கள்.