முதலில் திதி, பிறகு உண்டியல்

திருமலையில் ஏழுமலையானுக்கு ஒவ்வொரு நாளும் விடியும் முன் ஒரு அறிக்கை வாசிக்கப்படுகிறது. சுப்ரபாதமும் தோமாலை சேவையும் முடிந்ததும் தங்க வாசலுக்கு உள்ளே கொலு சீனிவாசர் வெள்ளி நாற்காலியில் எழுந்தருளுகிறார். மேலே தங்கக் குடை. அர்ச்சகர் பஞ்சாங்கம் படிக்கிறார்: இன்று என்ன திதி, என்ன நட்சத்திரம், என்ன உற்சவம். அதன் பின் நேற்று உண்டியலில் விழுந்த தொகை, அன்னதானத்துக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்கள். வறுத்த எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த நைவேத்தியத்தோடு தர்பார் கலைகிறது. உலகத்தை நடத்துகிறவருக்குத் தேதி சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலாக் கணக்கு, அப்புறம்தான் பணக் கணக்கு.

லட்டு, கியூ, மொட்டை, அறை கிடைக்காத அவதி என்றே திருமலையைப் பேசிப் பழகியவர்களுக்கு, இந்த மலை நிலாவைப் பார்த்து நடக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை. கல்யாணக்கட்டாவில் கத்தி இரவு பகல் பார்ப்பதில்லை. ஊரில் அமாவாசையன்று சவரக்கத்தியைத் தொடாத குடும்பங்கள்கூட இங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்த ஒரு இடத்தை விட்டு நகர்ந்தால், விழாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு திதியோ நட்சத்திரமோ நிற்கிறது.

சிக்கல், இங்கே இரண்டு காலண்டர்கள் புழங்குவதுதான். தெலுங்கு மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறும்போது பிறக்கிறது. பன்னிரண்டு நிலா மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட ஏறக்குறைய 33 மாதங்களுக்கு ஒருமுறை தெலுங்குப் பஞ்சாங்கம் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகிக்கொள்கிறது. அதுதான் அதிக மாதம். முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் இந்த மலை, இரண்டு கணக்கையும் விடாமல் வைத்திருக்கிறது. யுகாதியன்று நிலாப் புத்தாண்டுக்கு ஆஸ்தானம். சூரியன் கடகத்தில் நுழையும் ஜூலை நடுவில் 'ஆணிவார ஆஸ்தானம்'. பெயரிலேயே தமிழ் ஆனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1843 முதல் 1933 வரை கோயிலை நிர்வகித்த ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் காலத்தில் புதுக் கணக்கு தொடங்கியது அன்றுதான்.

இந்தக் கலப்பு நேற்று வந்ததல்ல. வெள்ளியில் போக சீனிவாசர் திருமேனியைச் செய்து கொடுத்த பல்லவ அரசி சாமவையின் தமிழ்க் கல்வெட்டு, புரட்டாசி விழாவையும் மார்கழித் துவாதசியை ஒட்டிய விழாவையும் குறிப்பிடுகிறது. அதன் காலம் 614ஆ, 966ஆ என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. எந்த ஆண்டாக இருந்தாலும், மாதத்தின் பெயர் சூரியனுடையது, நாள் நிலாவுடையது என்ற ஏற்பாடு அப்போதே கல்லில் ஏறிவிட்டது.

பௌர்ணமி மாலைதான் இதை எளிதாகப் பார்க்கக்கூடிய நேரம். பெரும்பாலும் ஏழு மணி வாக்கில் மலையப்ப சுவாமி கருடன் மேல் ஏறி நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருகிறார். பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் கருட சேவைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் நெருக்கும். அதைப் பார்க்க முடியாதவர்களுக்கு மாதந்தோறும் கிடைக்கும் ஆறுதல் பரிசு இது. திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் ஊரே கிரிவலப் பாதையில் இறங்கும். இங்கே சுவாமி சுற்றுகிறார், பக்தர்கள் நிற்கிறார்கள். கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் வாகனம் கிளம்பும் நேரத்தில் முழு நிலா எதிரே மேலேறி வந்திருக்கும். மின்விளக்கு வெள்ளத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

நிலாவைப் பார்த்துக் காரியம் செய்வது திருமலையின் தனிச் சொத்து அல்ல. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. ஈஸ்டரும் மார்ச் 21ஐ ஒட்டி வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தலையெடுத்த 'விக்கா' என்ற சமயத்தார், தங்கள் மந்திரச் சடங்குகளில் பெருக வேண்டியதை வளர்பிறையிலும் ஒழிய வேண்டியதைத் தேய்பிறையிலும் வைத்துக்கொண்டு, முழு நிலாவன்று கூடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வளர்பிறை முகூர்த்தம் தேடி அலையும் நம் குடும்பங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

திருமலைக் காட்டுக்குள் இருக்கும் தீர்த்தங்கள் இன்னும் கறார். ஆண்டில் ஒரே ஒரு பௌர்ணமியை ஒட்டித்தான் ஒவ்வொன்றுக்கும் 'முக்கோடி'. அன்றைக்கு மூன்று கோடி தீர்த்தங்களும் அதில் வந்து கலக்கின்றன என்று நம்பிக்கை. ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தை மாதப் பௌர்ணமி, குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி, தும்புரு தீர்த்தத்துக்குப் பங்குனிப் பௌர்ணமி. தமிழருக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை: தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம். பழனிக்கும் கடற்கரைக்கும் கூட்டம் போகும் அதே நாட்களில் சேஷாசலக் காட்டுக்குள்ளும் ஒரு கூட்டம் நடக்கிறது.

தும்புருவுக்குப் போகிறவர்கள் பாபவிநாசனம் அணை வரை வண்டியில் போய், அங்கிருந்து பல கிலோமீட்டர் கல்லும் வேரும் வழுக்குப் பாறையுமாக நடக்க வேண்டும். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வர வேண்டாம் என்று தேவஸ்தானம் ஒவ்வொரு ஆண்டும் எச்சரிக்கிறது. முடிவில் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. செங்குத்தான இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் தண்ணீரிலேயே நடந்துதான் தீர்த்தத்தை அடையலாம். தெலுங்குக் கவி தரிகொண்ட வெங்கமாம்பா இந்தக் கோனையில்தான் தவம் இருந்தாராம். இன்று திருமலையின் அன்னதானக் கூடத்துக்கு அவர் பெயர்.

இரண்டு காலண்டர்களின் விளையாட்டையும் இங்கேதான் பார்க்க முடியும். சுவாமி புஷ்கரிணியில் ஐந்து நாள் தெப்போற்சவம் நடக்கிறது. முதல் நாள் ராமர், இரண்டாம் நாள் கிருஷ்ணர், மற்ற மூன்று நாளும் உபய நாச்சியார்களோடு மலையப்பர். அது முடிவது தெலுங்கு பால்குன பௌர்ணமியில். 2024இல் அந்தப் பௌர்ணமியும் பங்குனிப் பௌர்ணமியும் ஒன்றாக இருந்ததால், தெப்பமும் தும்புரு யாத்திரையும் மார்ச் கடைசியில் சேர்ந்தே வந்தன. 2025இல் தெப்பம் மார்ச் 13ஆம் தேதியே முடிந்துவிட்டது. தும்புருவுக்கு நடக்க ஏப்ரல் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போன வருஷத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

பிரம்மோற்சவம் இரட்டிப்பதற்கும் காரணம் இதுவே. சாலகட்ல பிரம்மோற்சவம் சூரிய மாதமான புரட்டாசியின் திருவோணத்தில் சக்கர ஸ்நானத்தோடு நிறைவடைய வேண்டும். நவராத்திரியோ நிலா மாதத்தைப் பிடித்துக்கொண்டு வருவது. சாதாரண ஆண்டுகளில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் ஒரே விழா. அதிக மாதம் வரும் ஆண்டில் நவராத்திரி பின்னால் தள்ளிப்போக, இரண்டு விழா. 2023இல் செப்டம்பர் 18 முதல் 26 வரை ஒன்று, அக்டோபர் 15 முதல் 23 வரை இன்னொன்று. இரண்டாவதற்குக் கொடியேற்றம் கிடையாது. 2020இலும் இரண்டு வந்தன. ஆனால் கொரோனா காலம் என்பதால் மாட வீதி வெறிச்சோடிக் கிடக்க, கோயிலுக்குள்ளேயே முடிந்துபோயின.

நிலா கதவைச் சாத்தவும் செய்யும். சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். அன்றைக்குக் கருட சேவைக்கு வழியில்லை. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி கிரகணம் பிடித்ததோ இரவு பத்து மணி வாக்கில். கோயில் நடை சாத்தியது பிற்பகல் மூன்றரை மணிக்கே. மறுபடி திறந்தது நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு. அன்னதானக் கூடமும் மூடிவிட, பக்தர்களுக்கு உணவுப் பொட்டலங்கள். இத்தனைக்கும் சற்றுத் தூரத்தில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் கிரகணத்தின்போதும் நடை திறந்திருக்கும், அபிஷேகமும் நடக்கும். ராகு கேது தலத்துக்கு வேறு நியாயம்.

இதையெல்லாம் சுவாரசியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், வைகுண்ட ஏகாதசி மட்டும் இல்லாவிட்டால். சூரியன் தனுசில் இருக்கும் மார்கழியில் வரும் வளர்பிறைப் பதினோராம் திதி அது. ஆங்கிலக் காலண்டரில் அதைக் கட்டிவைக்க முடியாது. 2023இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு முறை வந்தது. 2024இல் வரவே இல்லை. 2025இல் மறுபடி இரண்டு: ஜனவரி 10, டிசம்பர் 30. கருவறையை ஒட்டிய வைகுண்ட வாசல் ஏகாதசி, துவாதசி என இரண்டே நாள் திறந்திருந்தது வெகுகாலம். அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நுழைய நாடெங்கிலும் இருந்து ஜனங்கள் முட்டினார்கள். 2020 டிசம்பரில் தேவஸ்தானம் அதைப் பத்து நாளாக்கியது. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் இராப்பத்து நாட்களில் திறந்திருப்பது முன்னுதாரணமாகச் சொல்லப்பட்டது. ஆகமம் தெரிந்தவர்களில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டம் பத்தாகப் பிரியும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

பிரியவில்லை. வாசலைப் பத்து நாள் திறந்துவைக்கலாம். திதியை நீட்ட முடியாதே. எல்லோருக்கும் அந்த ஏகாதசியே வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 10, 11, 12 தேதிகளுக்கான இலவச டோக்கன்கள் 9ஆம் தேதி காலை ஐந்து மணிக்குத் திருப்பதியில் தரப்படும் என்று அறிவித்திருந்தார்கள். 8ஆம் தேதி மாலையே கவுண்டர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். இரவு நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். மலை ஏறுவதற்கு முன்பே, வாசலைப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு டோக்கனுக்காக. கியூவை நிர்வகிப்பதில் நாட்டுக்கே பாடம் சொல்லித்தருவதாகப் பெயர் எடுத்த ஊரில் நடந்தது இது. நீதி விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி ஏகாதசி வந்தபோது, முதல் மூன்று நாட்களுக்கு நேரில் டோக்கன் தரும் கவுண்டர்களே இல்லை. செல்போனில் பதிவு, கம்ப்யூட்டர் குலுக்கல்.

குலுக்கலில் பெயர் வராதவர்களும் மலைக்கு வரத்தான் செய்வார்கள். ஏகாதசிக்கு மறுநாள், சாமவையின் கல்வெட்டில் இருக்கும் அதே மார்கழித் துவாதசி. விடியும் முன் சக்கரத்தாழ்வாரைப் புஷ்கரிணிக்கு எடுத்துவந்து நீராட்டுகிறார்கள். அதுவும் ஒரு முக்கோடி நாள். மார்கழிக் குளிரில் படிக்கட்டு நிறைய ஆட்கள் இறங்கி முங்கி எழுகிறார்கள். குளத்துக்கு டோக்கன் கிடையாது.