ஒரு வார வெயிலும் ஓராண்டுத் தீவனமும்

கிட்டிடாஸ் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் யாரோடு பேசினாலும் பேச்சு நம்மிடம் இருக்கும், பார்வை மேற்கு மலைமேல் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எல்லன்ஸ்பெர்க் ஊரைச் சுற்றிக் கிடக்கும் சமவெளி இது. சியாட்டிலிலிருந்து மலைக் கணவாய் வழியே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். கடலிலிருந்து வரும் மேகங்களைக் கேஸ்கேட் மலைத்தொடர் அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. இங்கே ஆண்டு மழை 9 அங்குலம் அளவுக்குத்தான். யாக்கிமா ஆற்றுக் கால்வாய்த் தண்ணீரையும், கணவாய் வழியே ஓயாமல் வீசும் காற்றையும் நம்பித் திமோத்திப் புல் விளைகிறது. ஜப்பானின் பந்தயக் குதிரைகள்வரை தின்னும் புல்.

நான் போயிருந்த பண்ணையில் முதல் வெட்டு முடிந்து, புல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். வரிசைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கயிறு திரிப்பதுபோல முறுக்கினார். தண்டு வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"மேலே காய்ந்துவிட்டது. கணுவுக்குள் ஈரம் நிற்கிறது. இன்றைக்குக் கட்டினால் எல்லாம் போச்சு" என்றார்.

வெட்டும்போது புல்லில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர்தான். அது 15 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகே புல்லைக் கட்டாகக் கட்டும் பேலர் இயந்திரம் வயலுக்குள் போகலாம். ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகிக் கட்டு சூடேறும். சூடு அடங்காவிட்டால் அடுக்கிவைத்த சில வாரங்களில் போர் தானாகவே பற்றி எரியும். கொட்டகையில் ஒரு தொழிலாளி நீண்ட இரும்புக் கம்பி வெப்பமானியைப் போருக்குள் செருகிச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். 65 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அபாயம். இரவிலும் எழுந்து வந்து பார்ப்பாராம். புல்லை விற்றுப் பணம் எண்ணுகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரவு வேலையையும் எழுத வேண்டும்.

தீப்பற்றாமல் தப்பினாலும் பூஞ்சை பிடித்த கட்டு குதிரைக்கு ஆகாது. நான்கு அறை வயிறுள்ள மாடு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். குதிரைக்கோ அந்தப் பூஞ்சைத் தூசி மூச்சுக்குழாயில் ஆஸ்துமா போன்ற தீராத நோயைக் கொண்டுவரும். கெட்டதைத் தின்றால் அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது; வயிற்றுவலியே உயிரை எடுத்துவிடலாம். ஆகவே, காய்ந்துகொண்டிருக்கும் வயலில் ஒரு மழை பெய்தால் குதிரைத் தீவனம் மாட்டுத் தீவனமாகிவிடுகிறது. உழைப்பு அதேதான், டீசல் செலவு அதேதான், விலை மட்டும் சரிந்துவிடும்.

மழைக்குப் பயந்து வெட்டைத் தள்ளிப்போடலாமே என்று கேட்டேன். தள்ளலாம், ஆனால் புல் காத்திருக்காது. நெல் எடுத்த பிறகு மிஞ்சும் தாள் அல்ல இது, புல்தான் விளைச்சல். கதிர் வெளிவந்து பூப்பதற்குள் வெட்டினால் சத்து தண்டிலும் இலையிலும் நிற்கும். தாமதித்தால் எடை கூடும், நார் தடிக்கும், சத்து இறங்கும். வெட்டுக்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி நிலத்தை உலரவிடவும் வேண்டும். அப்படி நிறுத்திய பிறகு வானம் மாறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

காற்றுகூட முழு நண்பன் அல்ல. காயவைக்கும் அதே காற்று வேகம் கூடினால் வரிசையைக் கலைத்து வேலிவரை கொண்டுபோய்விடும். டிராக்டரில் பூட்டிய வாரியால் திரும்பவும் சேர்க்க வேண்டும். பக்கத்தில் கொலம்பியா படுகையில் குதிரை மசால் போட்டவர்கள் இலை உதிராமலிருக்க இரவுப் பனி இறங்கும்வரை காத்திருந்து கட்டுகிறார்கள். திமோத்தி போட்ட இவர்களோ காலைப் பனி காயும்வரை காத்திருக்கிறார்கள்.

மதியத்துக்குமேல் மலைக்கு அந்தப்பக்கமுள்ள இனம்க்ளாவிலிருந்து ஒரு பெண்மணி டிரெய்லரோடு வந்தார். அங்கே குதிரை வளர்ப்போர் அதிகம், உலர்ந்த ஜூன் குறைவு. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ என்றால் ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குமேல். 40 கிலோ கட்டாக 90-க்குமேல். இரண்டு குதிரை வைத்திருக்கும் அவர் பாதிக்கு மட்டும் பணம் கொண்டுவந்திருந்தார். மீதியைப் பிப்ரவரிவரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். கொட்டகையில் இடமில்லை என்றார் உரிமையாளர். என் மனம் இங்கே விவசாயி பக்கம்தான். வானத்தின் ஆபத்து முழுவதையும் சுமந்தவர் மேல் கிடங்குச் செலவையும் ஏற்றுவது நியாயமில்லை. வாங்குகிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கொட்டகை பிடித்து, ஜூலையிலேயே ஓராண்டுக்கு வாங்கிவைக்கலாம்.

அந்தப் பெண்மணி முதலில் பார்த்தது நிறத்தை. ஏற்றுமதிச் சந்தையும் பச்சைக்குத்தான் விலை வைக்கிறது. வெயில் பட்டு வெளிப்புறம் வெளுத்த கட்டில் கரோட்டின் குறைந்திருக்கும். மற்ற சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். குளம்பு அழற்சி உள்ள குதிரைக்குப் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவு. அதைக் கண் காட்டாது. கட்டைத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நல்ல வெயில் இருந்தும் சரக்கு சிக்கிய ஆண்டுகள் உண்டு. 2014 இறுதியில் தொடங்கி 2015 பிப்ரவரிவரை மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் தொழில் தகராறு. ஜப்பானுக்கான கன்டெய்னர்கள் தேங்கின. அந்த 2015 கோடையிலேயே பனிமலைகளில் பனியில்லாமல், யாக்கிமா பாசனத்தில் பின்னுரிமை உள்ளவர்களுக்கு வழக்கமான தண்ணீரில் 47 சதவீதம்தான் கிடைத்தது. "எங்களுக்கு அந்த வருஷம் இரண்டாம் வெட்டே இல்லை" என்றார் உரிமையாளர்.

வடக்கு வயலில் கட்டுகளை அள்ளும் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டு கிடக்கும் இடத்தில் அடித்துளிர் மஞ்சளாகிவிடும்; தண்ணீரும் பாய்ச்ச முடியாது. ஒவ்வொரு நாள் தாமதமும் இரண்டாம் வெட்டைச் செப்டம்பருக்குள் தள்ளும். அப்போது பகல் சுருங்கிவிடும், பனி நெடுநேரம் காயாது. அந்தப் பெண்மணி அந்த இரண்டாம் வெட்டில் 40 கட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். உரிமையாளர் மதகு திறக்கப் போனார்.