அழித்தும் அழியாத கோப்புறை

ஓலையில் எழுதியதை எரியிலிட்டால் அவ்வோலையின் கதை அத்துடன் முடியும். கணிப்பொறியில் உள்ளதை நீக்குதற்கோ விரலொன்று அசைந்தாற் போதும். ஆயினும், நீக்கிய கோப்புறை மறுநாட் காலையில் பழைய இடத்திலேயே இருத்தலைக் கண்டு மயங்குவார் பலர். பேயின் செயலென்று நகைப்பாரும், மீண்டும் மீண்டும் அழித்துச் சலிப்பாரும் உளர். இதற்குக் காரணம் உண்டு; அதனை நாடுமாறு எம்மை ஏவியது ஒரு தாயின் வேண்டுகோள்.

சென்ற பருவத்தில் நாட்டுப்புறவியற் பாடத்தின்பொருட்டு யாமும் உடன்பயிலும் நண்பர் இருவரும் அண்மையிலுள்ள சிற்றூரொன்றிற்குச் சென்று ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தோம். முதிய அன்னையார் ஒருவர் மனமுவந்து பாடினார். சில நாட் கழித்து எம்மை அழைத்து, "அது என் மகனை நினைந்து அழுதது, தம்பி. ஊரார் கேட்க வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்றார். அவ்வாறே செய்வோமென்று வாக்களித்து, அன்று மாலையே அவர் பாடல்கள் அடங்கிய கோப்புறையை நீக்கினோம். மறுநாள் அது வந்திருந்தது. மும்முறை நீக்கினோம், மும்முறையும் வந்தது. நீக்கியது வருதல் எமக்குத் தொல்லை மட்டுமே. அவர்க்கு அளித்த வாக்கோ பொய்யாய்விடுமன்றோ?

இத்தகைய நிலையில் முதற்கண் நோக்கத்தக்கது, மீண்ட கோப்புறை வெறுமையாயுள்ளதா, உள்ளீட்டோடு உள்ளதா என்பதே. வெறுமையாய் வரின், யாதேனும் ஒரு நிரல் தான் இயங்கத் தொடங்குந்தோறும் அதனைப் புதிதாய்ப் படைக்கின்றது எனக் கருதலாம். அப்பொழுது கோப்புறையை அழித்துப் பயனில்லை. படைக்கும் நிரலையே திருத்தல் வேண்டும். விண்டோஸ் இயங்குதளத்தில் 'பிராசஸ் மானிட்டர்' என்னும் கருவியை இயக்கி வைத்தால், எந்நிரல் எந்நேரத்தில் அதனைப் படைத்தது என்பதைக் காட்டும். உள்ளீட்டோடு வரின், வேறெங்கோ ஒரு படி உள்ளது என்பது தெளிவு. எமது கோப்புறை பாடல்கள் அனைத்தோடும் வந்தது.

தேடியவிடத்து, நண்பரொருவரின் மடிக்கணினியில் அப்படி இருந்தது. இரவுதோறும் பொதுச் சேமிப்பில் இல்லாதவற்றையெல்லாம் அனுப்பும் நிரலொன்றும் அதிலே இருந்தது. 'என்பால் உள்ளது, அங்கில்லை' என்பதொன்றே அந்நிரல் அறியும். அங்கில்லாமை இன்னும் சேராமையாலோ, ஒருவர் வேண்டுமென்றே நீக்கினமையாலோ என்பதை அது எவ்வாறு அறியும்? இரண்டும் பார்வைக்கு ஒன்றே.

இக்குழப்பத்தைத் தவிர்த்தற்பொருட்டே, பல கணிப்பொறிகளில் படிகளை வைத்திருக்கும் தரவுத்தளங்கள் நீக்கத்தையும் ஒரு செய்தியாகக் குறித்து வைக்கின்றன. அக்குறிப்பிற்குக் கல்லறைக்கல் என்றே பெயர். அப்பாச்சி கசாண்ட்ரா என்னும் தரவுத்தளம், மாற்றியமைக்காவிடின், அதனை 10 நாள் காக்கும். அக்காலத்திற்கு மேலும் ஒதுங்கிக் கிடந்த கணிப்பொறி செப்பனிடப்படாமல் மீண்டும் வந்து சேரின், மாண்ட தரவு உயிர்த்தெழுதலும் கூடும்.

பல படிகள் இருத்தல் தமிழுக்குப் பெருநன்மை செய்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஓரேட்டிற் சிதைந்ததை மற்றோரேட்டினின்றும் பெற்றார். காத்தற்கு உதவிய அப்பன்மையே அழித்தற்குத் தடையாதலை யாம் இப்பொழுது கண்டோம்.

ஆகவே, முதலில் அனுப்பும் நிரலை நிறுத்தினோம். பின்னர் மடிக்கணினியிலும், எமது கணிப்பொறியிலும், பொதுச் சேமிப்பிலும், பதிவு செய்த கைப்பேசியிலும் இருந்த படிகளை நீக்கி, ஒவ்வொன்றின் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினோம். பதினைந்து நாள் பார்த்திருந்தோம், கோப்புறை வரவில்லை. அதன்பின்னரே அன்னையார்க்குச் செய்தி சொன்னோம்.

இப்பொழுது எமது பதிவேட்டில், ஒவ்வொரு பாடலின் படியும் எங்கெங்குள்ளது என்று எழுத ஒரு பத்தி வகுத்துள்ளோம். அதிலே ஒரு வரி மட்டும் பெயரின்றி உள்ளது: 'பாடியவர் விருப்பப்படி நீக்கப்பட்டது, மீண்டும் சேர்க்கற்க.' களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள், அழிப்போமென்று ஒருவர்க்குச் சொல்லுமுன் தம்மிடம் எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பாராக.