ரசீதில் எழுதிய இரண்டு வரிகள்

பழைய வாத்தியம் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அவர்களுக்கு நான் ஒரு வழக்கைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் டென்னஸி மாநிலம், நாக்ஸ்வில் நகர ஜெனரல் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. வழக்குப் பொருள் ஒரு பாஞ்சோ.

என் கட்சிக்காரர் ஐம்பதைக் கடந்த செவிலியர். அவருடைய தாத்தா கிளாஹாமர் பாணியில் பாஞ்சோ வாசித்தவர்: விரல் நகத்தால் தந்தியை மேலிருந்து தட்டி, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை மீட்டுகிற பழைய மலைநாட்டு முறை. அதைக் கற்க வேண்டும் என்ற ஆசை பேத்திக்கு வெகுநாளாக இருந்தது. கூடுதல் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில், பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் 7,000 டாலருக்கு ஒரு வேகா டியூபாஃபோன் வாங்கினார். ரசீதில் வியாபாரி தன் கையாலேயே இரண்டு வரிகள் எழுதியிருந்தார். முதல் வரி: 1920களில் செய்த டியூபாஃபோன் 9, ஐந்து தந்தி. இரண்டாவது: கழுத்து உட்பட எல்லாப் பாகங்களும் தொழிற்சாலையில் பொருத்தியவை. அதற்குக் கீழே, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்ற வாசகம் அச்சில் இருந்தது.

அந்தக் கழுத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு? பாஸ்டன் நகரின் வேகா நிறுவனம் 1904இல் ஃபேர்பாங்க்ஸ் என்ற பாஞ்சோ நிறுவனத்தை வாங்கியது. 1909இல் டியூபாஃபோனைக் கொண்டுவந்தது. மேல்தோலுக்கு அடியில், துளையிட்ட சதுரப் பித்தளைக் குழாய் ஒன்று வளையமாக ஓடும். அதன் ஒலிக்காகவே கிளாஹாமர் வாசிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஆனால் 1920களின் ஜாஸ் நடனக் குழுக்கள் கேட்டது நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. அதனால் அன்றைய டெனர்கள் ஏராளமாக மிஞ்சின. ஐந்து தந்தி வாத்தியங்கள் அரிதாயின. பிற்பாடு நாட்டுப்புற இசைக்கு மறுபடி மவுசு வந்தபோது, டெனரின் வட்ட உடலை வைத்துக்கொண்டு புதிதாக ஐந்து தந்திக் கழுத்தைச் செய்து மாட்டும் வழக்கம் பரவியது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல கைவினைஞர் செய்தால் அது அருமையாகவே பாடும். விலை மட்டும் வெகுவாக இறங்கிவிடும்.

வாங்கிய மூன்றாம் ஆண்டில், தேய்ந்த மெட்டுக்கட்டைகளை மாற்ற என் கட்சிக்காரர் ஒரு வாத்தியத் தச்சரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கழுத்தின் மேல் தச்சர் வைத்த சிறு காந்தம் ஒட்டிக்கொண்டது. உள்ளே எஃகுக் கம்பி இருந்தது. கழுத்து வளையாமல் திருகிச் சரிசெய்யும் அந்தக் கம்பி, அந்தக் காலத்து வேகாவில் கிடையாது. புற ஊதா விளக்கின் கீழ் உடலின் மெருகு ஒரு விதமாகவும் கழுத்தின் மெருகு வேறு விதமாகவும் ஒளிர்ந்தன.

என்னிடம் வந்தபோது அவர் கொதித்துப்போயிருந்தார். "அவர் என்னை ஏமாற்றிவிட்டார். அதை எழுதுங்கள்" என்றார்.

"அவருக்குத் தெரிந்திருந்தது என்று நம்மால் நிரூபிக்க முடியுமா? அவரும் நம்பியே வாங்கியிருக்கலாம். தெரியுமா தெரியாதா என்று சட்டம் கேட்காத வழி ஒன்று இருக்கிறது, அதில் போகலாம்" என்றேன்.

முதல் வேலையாக வியாபாரிக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்பினேன். குறை தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குச் சொல்லாவிட்டால் பரிகாரமே போய்விடும். வழக்குத் தொடுக்கவும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்தான் கெடு. அதில் பெரும்பகுதி ஓடிவிட்டது.

நான் சொன்ன வழி அமெரிக்காவின் சீர் வணிகச் சட்டத்தில் 2-313ஆம் பிரிவு. பொருளைப் பற்றி விற்பவர் தரும் விவரம் பேரத்தின் அடிப்படையில் ஒரு பகுதியானால், அதுவே உத்தரவாதம். உத்தரவாதம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. கெட்ட எண்ணமும் தேவையில்லை. சென்னையில் சட்டம் படித்தபோது, 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இதே நியாயத்தைப் படித்திருந்தேன்: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும்.

ஜூரி இல்லை, நீதிபதி ஒருவரே விசாரித்தார். எதிர்த்தரப்பு வக்கீலின் வலுவான வாதம் வரிசை எண். வேகாவில் அந்த எண் உடலின் உட்புறத்திலும், வட்டத்தின் குறுக்கே ஓடும் மரக்கோலிலும் பொறிக்கப்பட்டிருக்கும். கோல் கழுத்தோடு சேர்ந்தது. இந்த பாஞ்சோவில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் கழுத்தும் அசல்தானே என்றார்.

தச்சர் சாட்சிக்கூண்டில் வாத்தியத்தைத் திருப்பிக் காட்டினார். கோல் பழையதுதான். அதை டெனர் கழுத்திலிருந்து அறுத்தெடுத்துப் புதுக் கழுத்தில் செருகி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய கோடு மெலிதாகத் தெரிந்தது. நீதிபதி கீழே இறங்கி வந்து, காந்தத்தைத் தாமே கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

குறுக்கு விசாரணையில் நான் வியாபாரியின் நாணயத்தைத் தொடவில்லை. கிழக்கு டென்னஸியிலேயே இனிமையான பாஞ்சோ இது என்று அவர் கடையில் சொன்னதை ஒப்புக்கொண்டார். அது அபிப்பிராயம், அதற்காக நாங்கள் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை என்று நீதிபதியிடம் சொன்னேன். கழுத்து தொழிற்சாலையில் பொருத்தியது என்பது அபிப்பிராயம் அல்ல, தகவல். ஒரு தகவலைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த பொது வாசகத்தால் அதை அழிக்க முடியாது. நிபுணரை அழைத்து வந்திருக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் இருந்தது: முப்பது ஆண்டு அனுபவம் உள்ள வியாபாரிக்கே தெரியாததைக் கற்கத் தொடங்கும் ஒருவர் கண்டுபிடித்திருக்க வேண்டுமா?

வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள விருப்பமா என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை, ஐயா. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் இதில் கற்றவைதான்" என்றார் என் கட்சிக்காரர்.

சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்போ, இருக்கிறபடி என்ன மதிப்போ, அந்த வித்தியாசமே இழப்பீடு. 3,800 டாலர் தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் அவகாசம் இருந்தும் வியாபாரி அதைத் தேடவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார். ஏமாற்றுக்காரர் என்ற பழி அவர் மேல் விழாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றுக் கழுத்துள்ள பாஞ்சோவை ஒதுக்க வேண்டும் என்று இந்த வழக்கிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கற்கத் தொடங்குபவருக்கு அது நல்ல பேரம்: பழைய உடலின் ஒலி, வளையாத புதுக் கழுத்து, அசலைவிடக் குறைந்த விலை. நான்கு தந்தியா ஐந்து தந்தியா என்று முதலில் தீர்மானியுங்கள்; கிளாஹாமருக்கும் புளூகிராஸுக்கும் ஐந்து வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஒரு வாத்தியத் தச்சர் பார்க்கட்டும். எந்த ஆண்டு, எந்த மாடல், எந்தெந்தப் பாகம் மாறியது என்பதை விற்பவரிடம் கேளுங்கள். விலைக்குக் காரணமாக அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் காரணத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.