அப்பாவின் முலினெல்லோ

"கை விட்டுட்டுது பிள்ளை. இனி உது எனக்குச் சரிவராது."

அப்பா தன்ர தூண்டில் ரீலைத் துணிப்பையில் சுற்றி என் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். போன பெப்ரவரி மாதம் அது.

இத்தாலியனில் ரீலை முலினெல்லோ என்பார்கள், சின்ன ஆலை என்று பொருள். அப்பாவின் ரீல் மிட்செல் 300, முட்டை வடிவக் கறுப்பு உடம்பு. பிரான்சில் சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, மணிக்கூட்டுத் தொழிலுக்குப் பேர்போன க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. பலெர்மோவில் அப்பா பராமரித்த ஒரு முதியவர் 1998இல் கொடுத்தார். அப்பவே அது பழசு.

அப்பாவின் ஊர் மயிலிட்டி. 1990இல் எழும்பி வந்த சனம். அந்தத் துறைமுகத்தை இராணுவம் திருப்பிக் கொடுத்தது 2017 ஜூலையில். ஊரில் அப்பா ரீல் தொட்டதே இல்லை. வலையும் கைத்தூண்டிலும்தான். இங்கே வீடு துடைத்து, முதியவர்களைக் குளிப்பாட்டி முடித்த ஞாயிறுகளில், எங்கட ஆக்கள் சாந்தா ரோசாலியாவிடம் மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏற, அப்பா அதே மலையின் அடிவாரத்தில் அரெனெல்லாக் கரைக்கு இறங்குவார். "மேல நீ கும்பிடு, கீழ நான் பிடிக்கிறன்" என்று அம்மாவிடம் சொல்லுவார். சிரோக்கோ அடித்தால் "சோளகம் எழும்பிட்டுது, இண்டைக்கு ஒண்டும் கிடையாது" என்பார். எனக்கும் தம்பிக்கும் தமிழில் காற்றுகளின் பெயர் தெரிந்தது அந்தக் கரையில்தான், தமிழ் வகுப்பில் இல்லை.

அதனால் அந்தத் துணிப்பையை அலுமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கு ஃபோன் எடுத்து என்னென்ன பிழை என்று கேட்டேன். மூன்று சொன்னார். சுற்ற இறுக்கம். எறிந்த பிறகு வில்லு மூடுப்படுதில்லை. தங்கூசி அடிக்கடி அறுகுது. மூன்றுக்கும் அவர் கண்ட காரணம் ஒன்றுதான், வயசு.

நான் மென்பொருள் எழுதுகிறவள். மூன்று பிழைக்கு ஒரே காரணம் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. என் ஒன்பது வயது மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒன்றையும் கழற்றாமல் முதலில் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். நூல் சுற்றும் உருளையை எடுத்துவிட்டும் இறுக்கம் குறையவில்லை. அப்போ நூலிலோ உருளையிலோ பிழை இல்லை, உள்ளே. கரகரப்பையும் கவனிக்கவேண்டும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கரகரத்தால் பெரிய பற்சக்கரத்தில் சந்தேகம். ஒரு சுற்றுக்குள் மூன்று நான்கு முறை என்றால் வேகமாகச் சுற்றும் பக்கம், சின்னப் பற்சக்கரம் அல்லது பியரிங். எங்களுடையதில் கரகரப்பே இல்லை. ஒரே சீரான கனம், களி கிண்டுவது போல.

பக்க மூடியைத் திறந்ததும் விளங்கியது. கிரீஸ் பழுப்பு மெழுகாகிப் பல்லுகளுக்கிடையில் உறைந்து கிடந்தது. இது பழைய ரீல்களுக்கு வரும் மிகச் சாதாரண வியாதி. கிரீஸில் உள்ள எண்ணெய் வருசக்கணக்கில் வற்றிப்போக, மிச்சம் பசையாகிவிடும். அதற்குமேல் புது எண்ணெய் விட்டால் இரண்டு நாளைக்குச் சுகம், பிறகு பழையபடி. முழுதாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு பாகத்தையும் மகன் முட்டைப் பெட்டியின் குழிகளில் வைத்தான். ஒவ்வொரு கட்டத்தையும் படமும் எடுத்தோம்.

அப்படியும் ஒன்றைத் தவறவிட்டோம். பூட்டியபோது இல்லாத கரகரப்பு புதிதாக வந்தது. படங்களைத் திரும்பப் பார்த்தால், பெரிய சக்கரத்தின் அடியில் மீன்செதிளைவிட மெல்லிய ஒரு வாஷர். பழைய கிரீஸோடு மூடியில் ஒட்டி, மண்ணெண்ணெய்க்குள் போயிருக்கிறது. ஊற்ற வைத்திருந்த டின்னின் அடியைக் காந்தத்தால் துளாவினேன், வரவில்லை. பித்தளை! காந்தத்தில் எப்படி வரும்? மகன் தேயிலை வடியால் வடித்து எடுத்தான். (அந்த வடி இப்போது குப்பையில். அம்மாவுக்குச் சொல்லவில்லை.)

வில்லு மூடாததற்குக் காரணம் உடைந்த ஸ்பிரிங். இணையத்தில் வாங்கினோம். தங்கூசி அறுந்ததற்குக் காரணம், வில்லின் ஓரத்தில் நூல் ஓடும் சின்ன உருளி. உப்பில் இறுகிச் சுழலாமல் நின்றதால் நூல் ஒரே இடத்தில் தேய்த்து ஒரு கீறல் போட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. பஞ்சை அதன்மேல் இழுத்தால் நார் மாட்டும். அதையும் மாற்றினோம். புதுக் கிரீஸ் பற்சக்கரத்துக்கு மட்டும். பின்பக்கம் சுற்றவிடாமல் தடுக்கும் நாக்குக்கு ஒரு துளி எண்ணெய் போதும், கிரீஸ் போட்டால் ஒட்டிக்கொண்டு விழாது.

கடைசியில் மகன் ஒரு விரலால் தட்ட, அது தன்பாட்டில் சுற்றியது. அவனுக்குப் பெரிய சந்தோசம். எனக்கு அதைவிட. அப்பாவின் கையில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குள்ளே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் அரெனெல்லாவுக்குப் போனோம், பழைய சூரைமீன் பட்டறையான டொன்னாரா ஃப்ளோரியோவைத் தாண்டி. அப்பா ரீலைச் சுற்றிப் பார்த்து, "அட, என்ன செய்தனீங்கள்?" என்றார். "எல்லாம் கிரீஸ் அம்மப்பா" என்றான் மகன், தமிழிலேயே. முதல் எறி நல்ல தூரம் போனது. வில்லு டக் என்று மூடியது.

மிட்செல் 300இன் கைப்பிடி இடப்பக்கம். வலது கையில் தடி, இடது கையால் சுற்றவேண்டும். மூன்றாவது எறியில் அப்பாவின் சுற்று சிறுத்துச் சிறுத்து வந்து பாதியில் நின்றது. ரீல் தடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும், ஒவ்வொரு பல்லையும் நான் துடைத்தவள். தூண்டில்முள்ளைக் கட்ட எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற மனிசன், நாலுமுறை முயன்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தடியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஈயக்கட்டிகளைத் தரம் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

திரும்பி நடக்கும்போது வேண்டுமென்றே நான் பின்னால் நடந்தேன். அவரின் வலது கை வீசுகிறது. இடது கை உடம்போடு ஒட்டியபடி, அசையவில்லை. எவ்வளவு நாளாக இப்படி? நாங்கள் எல்லாரும் வயசு, வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அவரும் தான்.

"அப்பா, வெள்ளிக்கிழமை டொக்டரிட்டப் போவம். நரம்பு டொக்டருக்குக் கடிதம் கேப்பம்."

"ரீல் சரியாயிட்டுதுதானே பிள்ளை."

"ரீல் சரி. கையை யாரும் திறந்து பாக்கேல்ல."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். மகன் முன்னால், ரீலை நெஞ்சோடு அணைத்தபடி, கைப்பிடியைச் சும்மா சுற்றிக்கொண்டே போனான்.