பாதி பதில்கள்

இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்த மாவட்டம் எது என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் "சேலம்" என்று தூக்கத்திலும் சொல்வார்கள். 1937 அக்டோபர் 1 என்று தேதியையும் சேர்த்துக்கொள்வார்கள். தெரிந்தவர் சொன்னார், தெரியாதவர் வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த கேள்வி.

அதே சங்கதியை வேறு மாதிரி கேட்கலாம். ராஜாஜி சேலத்தில் கள்ளுக்கடைகளை மூடியதற்கும், இன்று ஒரு சோப்பு வாங்கினால் நாம் கட்டுகிற வரிக்கும் என்ன சம்பந்தம்? மனப்பாடம் இங்கே உதவாது. ஆனால் ஒன்றையும் உருப்போடாத ஒருவர் யோசித்தே விடைக்கு வந்துவிடலாம். கடையை மூடினால் கலால் வருமானம் போகும். போனதை வேறெங்காவது பிடித்தாக வேண்டும். சென்னை மாகாணம் 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது, நாட்டிலேயே முதலாவதாக. விடையைக் கேட்டதும், "அட, இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா" என்று தலையில் தட்டிக்கொள்ள வைப்பதுதான் நல்ல கேள்வி. "முதன்முதலில் யார்", "மிக நீளமானது எது" வகையெல்லாம் வெறும் ஆஜர் எடுப்பு.

இந்த உதாரணத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூரை ஒட்டிய கிராமம். ஓசூர் அப்போது சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டமாயிற்று, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. வாசலைத் தாண்டாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்த பாட்டிகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பப் வினாடி வினா லீக் தொடங்க வேண்டும் என்று, பெங்களூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த ஓர் இளம் இன்ஜினியர் என்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். மதுவிலக்கு முதலில் வந்த மண்ணில் பப்பா என்று கேட்டேன். "அதுவே முதல் கேள்வி சார்" என்றார். பிழைத்துக்கொள்வார்.

பப்பும் பொது அறிவும் சேர்ந்தது இங்கிலாந்தில். கூட்டம் வராத வாரநாள் இரவுகளில் ஆட்களை இழுக்கக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. 1970களில் பகுதி பகுதியாக லீக்குகள் வைத்து ஆடும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் குடித்துக்கொண்டே தர்க்கம் செய்வது அதற்கும் மூத்தது. 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று ஒரு வாக்குவாதம் எழுந்தது. எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்கவில்லை. வாதாடியவர்களில் ஒருவர் கின்னஸ் பீர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர். நாடெங்கும் பப்புகளில் ராத்திரிதோறும் இப்படித்தானே சண்டை நடக்கும், தீர்த்து வைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1955இல் வெளிவந்த கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் கதை இதுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பரிசாகக் கொடுக்கும் புத்தகம் சாராயக் கம்பெனி போட்டது என்று எத்தனை தலைமையாசிரியர்களுக்குத் தெரியுமோ.

நம் நாட்டில் இது சாதுவான வழியில் வந்தது. கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் 1967இல் முதல் பொது வினாடி வினாவை நடத்தியது ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். பெங்களூரில் விமானப்படையைச் சேர்ந்த விங் கமாண்டர் ஜி. ஆர். முல்கி முன்னின்று கர்நாடக வினாடி வினாச் சங்கத்தைத் தொடங்கியது 1983. தற்செயலாக, எல்லைக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக் நிறுவனம் பதிவானதும் அதே 1983தான். அவர்கள் சங்கம் வைத்தார்கள், நாம் நமக்குத் தெரிந்ததை வைத்தோம்.

ஓசூரில் பப்பும் இல்லை, தேவாலய மண்டபத்தில் வினாடி வினாவும் இல்லை. இங்கே உள்ளது பாதுகாப்பு வாரம். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4இல் அமைந்ததை வைத்து, மார்ச் முதல் வாரம் சிப்காட்டின் கம்பெனிகளில் கொண்டாட்டம் நடக்கும். சட்டையில் பச்சை பேட்ஜ், கேட்டில் பேனர், உறுதிமொழி, கோலப்போட்டி, கடைசி நாள் டிரெயினிங் ஹாலில் வினாடி வினா. முதல் பரிசு ஹாட்பேக் என்று கேட்கிறவருக்கும் தெரியும், ஆடுகிறவருக்கும் தெரியும். கேள்விகளும் போன வருடத்துப் பேப்பரிலிருந்தே வரும். தூக்கம் வருகிற சமாச்சாரம்தான்.

ஆனாலும் நான் கண்ட ஆகச் சிறந்த வினாடி வினாச் சண்டை அப்படியொரு ஹாலில்தான் நடந்தது. கேள்வி: சி வகைத் தீ எது? ஸ்டோர்ஸ் அணி "கேஸ்" என்றது. சேஃப்டி ஆபீசர் மார்க் போடப் போனார். மெயின்டனன்ஸ் அணியிலிருந்து ஒரு ஃபிட்டர் எழுந்தார். "சார், சி-ன்னா கரன்ட்டு. நம்ம புது பிரஸ்ஸோட வந்த தீயணைப்பு சிலிண்டர்ல பாருங்க, சி பக்கத்துல பிளக் படம் போட்டிருக்கான்." ஆபீசர் இல்லை என்றார், கையேட்டைக் காட்டினார். ஃபிட்டர் அசரவில்லை. ஷாப் ஃப்ளோருக்கு ஆள் அனுப்பி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். வந்தது. பிளக் படம் இருந்தது.

இரண்டுமே சரி. அந்த பிரஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்கக் கணக்கில் சி என்றால் மின்சாரத் தீ. நம் இந்தியத் தரக் கணக்கில் ஏ திடப்பொருள், பி எண்ணெய் போன்ற திரவம், சி எரிவாயு, டி உலோகம். மின்சாரத்துக்குத் தனி எழுத்தே கிடையாது. ஏன் கிடையாது என்று யாரோ கேட்க, ஆபீசர் திணறினார். பின்வரிசையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி, எந்த அணியிலும் இல்லாதவர், மெதுவாகச் சொன்னார்: "மெயினை ஆஃப் பண்ணிட்டா கரன்ட்டு எங்க சார் இருக்கு? அப்புறம் எரியறது ஒயரு பிளாஸ்டிக்கு, இல்லேன்னா ஆயிலு." விளக்கமே அதுதான். மெயினை நிறுத்திவிட்டால் அது ஏ அல்லது பி ஆகிவிடுகிறது. நிறுத்த முடியாத வரை கரியமில வாயு மாதிரி மின்சாரம் கடத்தாததை அடிக்க வேண்டும். ஒரு பாதியை ஸ்டோர்ஸ் சொன்னது, இன்னொரு பாதியை ஃபிட்டர் சொன்னார், இரண்டையும் சேர்த்துத் தைத்தவர் பெயர்ப் பட்டியலிலேயே இல்லாதவர். இந்த வட்டாரத்தில் பொது அறிவு கிடக்கிற விதமே இப்படித்தான். முழு விடை ஒருவரிடமும் கிடையாது. ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். ஆளுக்குப் பாதி வைத்திருக்கிறார்கள்.

சினிமாக் கேள்வியிலும் இதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு மண்ணைச் சேர்ந்த கன்னட சூப்பர் ஸ்டார் யார், பெங்களூரில் பிறந்த தமிழ் சூப்பர் ஸ்டார் யார்? இரண்டாவதற்கு நம்மவர்கள் துள்ளி எழுவார்கள். முதலாவதற்கு அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவர் கை தூக்குவார்: ராஜ்குமார், ஊர் தாளவாடிப் பக்கம் கஜனூர். 2000இல் வீரப்பன் அவரைக் கடத்தியது அந்த ஊரிலிருந்துதான். அந்த மாவட்டம் இன்று ஈரோடு. உடனே வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர் குறுக்கே வருவார், ரஜினியின் பூர்விகம் எங்கள் பக்கத்து நாச்சிக்குப்பம் என்று. இரண்டு நிமிடத்தில் எல்லைக்கோடு காணாமல் போய்விடும்.

இன்னொன்றும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஓசூரில் கடிகாரமும் நகையும் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் மற்ற எவரையும்விட அதிகப் பங்கு வைத்திருப்பவர் யார்? எல்லோரும் டாடா என்றுதான் சொல்வார்கள். கேட்டை நாள்தோறும் கடந்து போகிறவர்களும் அப்படித்தான். டைட்டனில் தனிப்பெரும் பங்குதாரர் தமிழ்நாடு அரசின் டிட்கோ. 27 சதவீதத்துக்கும் மேல். 1984இல் டாடாவும் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. இதைக் கேட்டதும் ஒரு கேன்டீன் மாஸ்டர், "அப்போ எனக்கும் அதுல பங்கு இருக்குன்னு சொல்லுங்க" என்றார். கணக்கில் தப்பில்லை.

லீக்குக்கு வருகிறேன். இன்ஜினியர் தம்பி கம்பெனிக்கு ஓர் அணி, வாரம் ஓர் ஆட்டம் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். ஓசூரில் அது ஒரு மாதம் தாங்காது. இந்த வாரம் ஏ ஷிஃப்ட் போகிறவர் அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி. நாலு பேர் அணியில் எப்போதும் ஒருவர் மெஷினருகில் நிற்பார், இன்னொருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். பாரில் வைக்கலாம் என்றால் டாஸ்மாக் பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும். பி ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறவே அதற்குமேல் ஆகிவிடும். அதனால் கம்பெனி வாரியாக வேண்டாம், ஷிஃப்ட் வாரியாக அணி பிரியுங்கள் என்றேன். ஒரே ஷிஃப்டில் சுற்றுகிறவர்கள் எந்தக் கம்பெனியானாலும் ஓர் அணி. கன்னடம் தெரிந்தவர் ஒருவர், வடக்கிலிருந்து வந்தவர் ஒருவர் கட்டாயம். இடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ் மாடி. பீருக்குப் பதில் டீ, போண்டா. போன்களை ஓர் அன்னக்கூடையில் போட்டுவிட வேண்டும்.

கேள்விகளை யார் எழுதுவது என்பதில்தான் இன்னும் இழுபறி. தம்பிக்கு பெங்களூரிலிருந்து குவிஸ் மாஸ்டரைக் கூட்டிவர ஆசை. ஒவ்வோர் அணியும் தங்கள் வேலையிலிருந்தும் தங்கள் ஊரிலிருந்தும் ஐந்தைந்து எழுதிக்கொண்டு வரட்டும் என்பது என் கட்சி. விதிமுறை நோட்டீஸை அவரே டைப் செய்து அனுப்பியிருக்கிறார். எட்டாவது விதி: "குவிஸ் மாஸ்டரின் தீர்ப்பே இறுதியானது." அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.