பழைய புல்லட் இன்ஜினும் பெயிண்டர் நுரையீரலும்

பழைய புல்லட் இன்ஜினுக்கு எந்த பெயிண்ட் அடிச்சா பெட்ரோல் பட்டாலும் உரியாது?

இந்தக் கேள்விக்கு ஒரு டாக்டர் ஏன் பதில் சொல்றார்னு நினைப்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, அப்பா விட்டுட்டுப் போன 1978 மாடல் புல்லட் 350. திருவொற்றியூர்ல செஞ்ச காஸ்ட் அயர்ன் இன்ஜின் வண்டி. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். ஜெயங்கொண்டத்துல இதை ஓட்டத் தெரிஞ்சவங்க இப்ப ரொம்பக் குறைவு. இன்னொரு காரணம் என் கிளினிக்குக்கு வந்த ஒரு தம்பி. அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல பெட்ரோல் என்ன செய்யும்னு பார்ப்போம்.

பெட்ரோல் ஒரு கரைப்பான். பெயிண்ட் எப்படிக் காயுதுங்கறதைப் பொறுத்துதான் அது கரையுமா தாங்குமான்னு முடிவாகுது. வெல்லப்பாகு காய்ஞ்சு கெட்டியானாலும் தண்ணி பட்டா மறுபடி கரையும். சுண்ணாம்புக் காரை இறுகிட்டா கரையாது, ஏன்னா அதுக்குள்ள ஒரு வேதிவினை நடந்து முடிஞ்சிருக்கு. பெயிண்ட்லயும் இந்த ரெண்டு ஜாதி உண்டு.

பட்டறைகள்ல அடிக்கிற என்.சி. பெயிண்ட் வெல்லப்பாகு ஜாதி. தின்னர் ஆவியாப் போனதும் காய்ஞ்சிடும், தின்னர் பட்டா திரும்பக் கரையும். சாதா எனாமல் நடுவுல நிக்குது. காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு மெதுவா இறுகும், ஆனா பெட்ரோல்ல ஊறினா இளகி சுருங்கிடும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் என்.சி. பெயிண்ட்டை இன்னும் சீக்கிரம் இளக வைக்கும். அப்பா காலத்துல தாங்கின பெயிண்ட் இப்ப தாங்கலைன்னு மெக்கானிக்குகள் சொல்றதுல நியாயம் இருக்கு.

சுண்ணாம்புக் காரை ஜாதிதான் 2கே. ஒரு டப்பால பெயிண்ட், இன்னொரு டப்பால ஹார்ட்னர். ரெண்டும் கலந்ததும் வேதிவினை ஆரம்பிக்கும். ஒரு வாரம் விட்டுட்டீங்கன்னா பெட்ரோல் ஊத்தித் துடைச்சாலும் கண்ணாடி மாதிரி நிக்கும்.

அப்ப எல்லாத்துக்கும் 2கே அடிச்சிட வேண்டியதுதானே?

இங்கதான் அந்தத் தம்பி வர்றார். வயசு 24. சிதம்பரம் ரோட்டுல ஒரு பட்டறையில பெயிண்டர். இங்க சுண்ணாம்புக்கல் லாரிக்கும் சிமெண்ட் லாரிக்கும் பஞ்சமில்லை, அதனால அவருக்கு வேலைக்கும் பஞ்சமில்லை. ரெண்டு மாசமா ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம். சளி பரிசோதனையில டிபி இல்லை, எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. ஏற்கெனவே ரெண்டு இடத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டுட்டு வந்திருக்கார்.

"ஞாயித்துக்கிழமை எப்படிப்பா இருக்கும்?"

"ஞாயிறு ஒண்ணும் தெரியாது சார். பொங்கலுக்கு அஞ்சு நாள் லீவு விட்டாங்க, நல்லாதான் இருந்தேன்."

எனக்கு அதுவே பாதி பதில். சட்டையைப் போட்டுக்கிட்டே வாசல்ல நின்ன புல்லட்டைப் பார்த்துட்டு அவர் சொன்னார்: "இன்ஜினுக்கு 2கே அடிச்சிடலாம் சார். பெட்ரோல் ஊத்தினாலும் அசையாது. நானே அடிச்சித் தர்றேன்."

மீதிப் பதிலும் கிடைச்சிடுச்சு.

அந்த ஹார்ட்னர்ல இருக்கிறது ஐசோசயனேட். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1984 டிசம்பர் 2 ராத்திரி போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட். பயப்பட வேண்டாம், ஹார்ட்னர்ல இருக்கிறது அதே பொருள் இல்லை, ஆனா அதே குடும்பம். இது அவ்வளவு சுலபமா ஆவியாகாது. ஆனா ஸ்ப்ரே கன் அதைப் பனி மாதிரி நுண்ணிய துளியாக்கி நேரா நுரையீரலுக்கு அனுப்பிடுது.

தொழிலால வர்ற ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியமான காரணங்கள்ல ஐசோசயனேட்டும் ஒண்ணு. மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கும். பல பேருக்கு அடிச்ச உடனே தெரியாது, நாலு அஞ்சு மணி நேரம் கழிச்சு ராத்திரிலதான் ஆரம்பிக்கும். அதனாலதான் யாருக்கும் பெயிண்ட் மேல சந்தேகமே வர்றதில்லை. பனி, ஃபேன் காத்து, சிகரெட்னு எதையாவது சொல்லிக்கிட்டிருப்பாங்க.

துணி கட்டிக்கிட்டா போதாதா? போதாது. கொரோனா நேரத்து நீல மாஸ்க்கும் இதைத் தடுக்காது. ஐசோசயனேட்டுக்குப் பெருசா வாடை கிடையாது, மூக்கு எச்சரிக்கவே செய்யாது. பட்டறையில வர்ற வாடை தின்னரோடது. தோல்ல பட்டாலும் இந்த ஒவ்வாமை வரலாம், அதனால கையுறையும் அவசியம். வெளியிலேர்ந்து குழாய் வழியா சுத்தமான காத்து வர்ற முகமூடி, காத்தை இழுத்து வெளியேத்துற தனி அறை, ரெண்டும் இருக்கிற இடத்துலதான் 2கே அடிக்கணும். தகரக் கொட்டகையில, பக்கத்துல டீ வாங்கிட்டு வந்த பையன் நிக்கும்போது அடிக்கிற சரக்கு இல்லை இது.

இப்ப இன்ஜினுக்கு வருவோம். நல்ல செய்தி என்னன்னா, இன்ஜினுக்கு 2கே பெரும்பாலும் தேவையே இல்லை.

சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. பெயிண்ட் இல்லைன்னா ஒரு மழைக்காலத்துல துரு ஏறிடும். ஆனா ஓடும்போது அது கொதிக்கிற தண்ணியை விட அதிகமா சூடாகும். அந்தச் சூட்டுக்குச் சாதா 2கே சரியான ஆளே கிடையாது, நாள்பட நிறம் மங்கி உரியும். அங்க வேண்டியது சிலிகான் கலந்த ஹீட் ரெசிஸ்டன்ட் கருப்பு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அடிச்சுக் காய வெச்சா மட்டும் போதாது, சூட்டுல வேகணும். டின்ல போட்டிருக்கும், பெரும்பாலும் 200 டிகிரி பக்கத்துல. வேகாத சிலிகான் பெயிண்ட் மேல பெட்ரோல் துணி பட்டா அப்படியே வழிச்சுக்கிட்டு வந்துடும். "600 டிகிரி தாங்கும்னு போட்டிருக்கு, கார்புரேட்டர் ஒழுகினதுக்கே போயிடுச்சு"ன்னு புலம்புறவங்க எல்லாரும் வேக வைக்காம விட்டவங்கதான். வண்டியை ஓட்டியே வேக வெச்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. பேரலோட மேல்பகுதி வேகும், அடிப்பகுதி அரைவேக்காடா நிக்கும். பவுடர் கோட்டிங் போடுற பட்டறையில பெரிய ஓவன் இருக்கும், பேரலைக் கழட்டிக் கொடுத்தா வேக வெச்சுத் தருவாங்க. தயவுசெஞ்சு வீட்டுல கேக் செய்யிற ஓவன்ல வெச்சிடாதீங்க, அந்தப் புகை சமையலறைக்கு வேண்டாம். ஃபின் மேல கனமா அடிக்காதீங்க, மெல்லிசா ரெண்டு கோட் போதும். இன்ஜினுக்குக் கம்பளி போத்துற வேலை நமக்கெதுக்கு?

கிராங்க் கேஸும் ஹெட்டும் அலுமினியம். கம்பெனியில இருந்தே பெயிண்ட் இல்லாமத்தான் வந்துச்சு. சுத்தமாக் கழுவி பஃபிங் போட்டு விட்டுடுங்க. பெட்ரோலுக்கு உரியாத பெயிண்ட் எதுன்னு கேட்டா, அலுமினியத்துல அடிக்காத பெயிண்ட்தான். முதல்ல ஒழுகுற கார்புரேட்டரைச் சரி பண்ணுங்க, பாதிப் பிரச்சனை அதோட தீரும்.

மிச்சம் இருக்கிறது டேங்க்கும் டூல்பாக்ஸும். மூடிகிட்ட பெட்ரோல் வழியிற இடம், இங்க மட்டும் 2கே நியாயம். அதையும் நல்ல அறை இருக்கிற இடத்துக்குக் கொண்டு போய்க் காசு கூடக் கொடுத்து அடிச்சுக்குங்க. எங்க அடிச்சாலும் முதல்ல ஒரு தகரத் துண்டுல அடிக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் கழிச்சு பெட்ரோல்ல நனைச்ச பஞ்சை அது மேல ஒரு மணி நேரம் வெச்சு, நகத்தால சுரண்டிப் பாருங்க. அடையாளம் விழலைன்னா டேங்க்கைக் கொடுங்க.

பழைய பெயிண்ட்டை எடுக்கும்போதும் கவனம். காய்ஞ்ச எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, தண்ணி விட்டுத் தேய்ங்க. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்ட்லயே 90 பிபிஎம்முக்கு மேல ஈயம் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. பெயிண்ட் ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடு இருந்தா மூடின அறையில தொடவே தொடாதீங்க. அது உடம்புக்குள்ள போய் கார்பன் மோனாக்சைடா மாறும். மாரடைப்பு வந்தவங்க பக்கத்துலகூட நிக்கக் கூடாது.

அந்தத் தம்பிக்கு இன்ஹேலர் கொடுத்தேன். கூடவே பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு சின்னக் குழாய். தினமும் நாலு வேளை ஊதி நோட்டுல எழுதச் சொன்னேன், வேலை நாள்லயும் லீவு நாள்லயும். நாலு வாரம் கழிச்சு நோட்டைக் கொண்டு வந்தார். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் எண் படிக்கட்டு மாதிரி இறங்குது, ஞாயிறு ஏறுது. படிச்சுச் சொல்ல டாக்டரே தேவையில்லை, அவரே புரிஞ்சுக்கிட்டார்.

இந்த நோய்க்கு முதல் மருந்து அந்தக் காத்துலேர்ந்து விலகுறது. எவ்வளவு சீக்கிரம் விலகுறாங்களோ அவ்வளவு நல்லது. தாமதமானா வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிடலாம். ஆனா 24 வயசுல கைத்தொழிலை விடுன்னு சொல்றது எனக்கு ஒரு வரி, அவருக்கு வீட்டு வாடகை. தொழிலால வர்ற ஆஸ்துமா சட்டத்தோட தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு. மூணு பேர் வேலை செய்யிற பட்டறைக்கு இஎஸ்ஐ ஏது?

இப்போதைக்கு அவர் ஸ்ப்ரே கன்னைத் தொடுறதில்லை. அதே முதலாளியோட இன்னொரு இடத்துல டிங்கரிங் பழகுறார். சம்பளம் கொஞ்சம் குறைச்சல். போன மாச நோட்டுல திங்களும் ஞாயிறும் கிட்டத்தட்ட ஒரே எண்.

உங்க வண்டியை பெயிண்ட்டுக்கு விடும்போது ஒரே ஒரு கேள்வி அந்தப் பெயிண்டர்கிட்ட கேளுங்க: "ராத்திரி இருமல் இருக்காப்பா? ஞாயித்துக்கிழமை குறையுதா?" ஆமான்னு சொன்னா, பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்க. ஹார்ட்னர் பேரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்புங்க.